கரண்ட் வைக்கிற டாக்டரம்மா

"கரண்ட் எத்தனை நாளைக்கு வைக்கணும் டாக்டரம்மா?"

எங்கே வலி என்று சொல்வதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்கும்போதே ஒரு கை பிடரிக்குப் போயிருக்கும். காதுக்குக் கீழே தொடங்கித் தோள்பட்டை முனை வரை சரிகிற அந்தச் சதையை விரல்கள் தம்பாட்டுக்குப் பிசைந்துகொண்டிருக்கும். தையல்காரர், வக்கீல் குமாஸ்தா, பூக்கட்டுகிற அக்கா, பஸ் டிரைவர், ஐ.டி. கம்பெனிப் பையன் என்று யாராக இருந்தாலும் கை போகிற இடம் அதுதான். மதுரை வண்டியூரில் நான் பிசியோதெரபி கிளினிக் போட்டு முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கை இன்னும் இடம் மாறவில்லை.

அந்தக் கேள்விக்குள் எங்கள் தொழிலின் வரவு செலவு முழுதும் அடங்கியிருக்கிறது. மெஷினுக்கு ஜனங்கள் காசு கொடுப்பார்கள். நாலு ரப்பர் பேடை ஒட்டி, கால் மணி நேரம் குறுகுறுவென்று ஓட விட்டால் வைத்தியம் நடந்த திருப்தி. அதே கால் மணி நேரம் எதிரில் உட்கார்ந்து கழுத்தை எப்படி நீட்டுவது என்று சொல்லிக்கொடுத்தால், "இதுக்கா காசு?" என்று வாய் கேட்காது, முகம் கேட்கும். கரண்ட் அன்றைய வலியை மட்டுப்படுத்தும். மறுநாள் அதே நாற்காலி, அதே குனிவு. வலி திரும்பி வரும், அவரும் திரும்பி வருவார், கிளினிக் வாடகையும் கட்டியாகும். வீட்டில் தினமும் இரண்டு நிமிஷம் ஒழுங்காகச் செய்கிறவர் கொஞ்ச நாளில் எங்கள் பக்கமே வரமாட்டார். தொழிலில் இருக்கிற யாரும் இதைச் சத்தமாகச் சொல்வதில்லை.

நான் வந்த புதிதில் கழுத்துவலி என்றால் காலர். சாயங்காலம் தெப்பக்குளத்துப் படியில் காற்று வாங்குகிறவர்களில் இரண்டு மூன்று பேராவது காலர் போட்டிருப்பார்கள். மாதக்கணக்கில் போடுவார்கள். கழுத்தைத் தாங்க வேண்டிய சதை வேலையில்லாமல் இளைத்துப்போகும்; கழற்றினால் தலை கனக்கிறது என்று மறுபடி மாட்டிக்கொள்வார்கள். டயதெர்மி என்று பீரோ அளவில் ஒரு மெஷின் வைத்திருந்தேன், சூடு கொடுக்க. அதற்குப் பக்கத்தில் கப்பியும் எடைக்கல்லும் போட்டுக் கழுத்தை மேலே இழுக்கிற டிராக்‌ஷன். அந்தப் பீரோ மெஷினைப் பார்த்தே பாதிப் பேருக்கு வலி குறையும் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

அப்போது வந்தவர்களே வேறு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் பரீட்சைக்குத் தயாராகிற பெண்கள், பக்கத்தில் வைத்த தாளைப் பார்த்துப் பார்த்து ஒரே பக்கம் கழுத்து இறுகி வருவார்கள். அரசு பஸ் டிரைவர்களுக்கு இரண்டு தோளும் கல். ஸ்டியரிங்கை உடம்பால் திருப்ப வேண்டிய காலம் அது. தொண்ணூறுகளின் கடைசியில் மாட்டுத்தாவணிக்குப் பஸ் ஸ்டாண்ட் வந்த பிறகு டிரைவர்கள் இன்னும் நிறைய வந்தார்கள். பின்னால் பவர் ஸ்டியரிங் வண்டிகள் வர வர அந்தத் தோள்வலி என் கிளினிக்கில் குறைந்தது. எந்தப் பயிற்சியும் சாதிக்காததை ஒரு ஹைட்ராலிக் பம்ப் சாதித்தது. 2004 ஜூலையில் ஐகோர்ட் கிளை திறந்ததும் பென்ச் கிளார்க்கும் ஜூனியர் வக்கீலும் வந்தார்கள். அதற்குள் டைப்ரைட்டர் போய் கம்ப்யூட்டர் வந்திருந்தது. இறுக்கம் கழுத்தோடு நிற்காமல் மவுஸ் பிடிக்கிற வலது தோளுக்கும் இறங்கியிருந்தது.

பயிற்சி என்றால் எங்கள் ஆட்கள் எல்லோருமே ஒரு தாள் கொடுப்போம். பன்னிரண்டு படம், ஒவ்வொன்றுக்கும் பத்து தடவை, காலை மாலை. அடுத்த தடவை வரும்போது அந்தத் தாள் எக்ஸ்ரே கவருக்குள் மடிப்புக் கலையாமல் இருக்கும்.

இதைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தவர் சுங்குடி முடிச்சுப் போடுகிற ஒரு சௌராஷ்டிர அம்மா. காமராஜர் சாலைப் பக்கம் வீடு. நடக்க முடியாத மாமியாருக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில், மருமகள் தரையில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். மடியில் துணி. இடது கை நகத்தின் நுனியில் கடுகளவு துணியைக் கிள்ளி எடுத்து, வலது கையால் நூலைச் சுற்றிச் சுண்டி இழுத்து இறுக்குகிறார். அடுத்த புள்ளி. அடுத்த புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில். சாயத்தில் முக்கி எடுத்து முடிச்சை அவிழ்த்தால் அந்த இடம் மட்டும் வெள்ளைப் பொட்டாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு சேலைக்கு, போடுகிற கழுத்துக்குக் கூலி துணிக் கணக்கில்தான்.

அவருடைய தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறியிருந்தன. ஏறியிருப்பது அவருக்கே தெரியவில்லை. நான் வழக்கமான தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பன்னெண்டு இருக்கே அக்கா. இதைச் செஞ்சுக்கிட்டிருந்தா முடிச்சை யாரு போடுறது?"

நியாயமான கேள்வி. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். ஒரு நீளம் நூல் தீர்ந்ததும் கையை நீட்டிப் புது நூல் எடுக்கிறார். அந்த ஒரு நிமிர்வுதான் அவர் உடம்புக்குக் கிடைக்கிற இடைவேளை. "புது நூல் எடுக்குறதுக்கு முன்னாடி முதுகைச் சுவத்துல ஒட்டுங்க. பின்மண்டை சுவத்துல படணும். தாடையை உள்ளே இழுங்க. அஞ்சு எண்ணுங்க. அப்புறம் நூலை எடுங்க" என்றேன். இடத்தை மட்டும் சுவரோரமாக நகர்த்திக்கொள்ளச் சொன்னேன். அடுத்த மாதம் போனபோது அவர் உட்கார்ந்திருந்த சுவரில் தலையெண்ணெய் வட்டமாகக் கறை பிடித்திருந்தது. செய்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? மாமியார்தான் சுவர் பாழாகிறதென்று என்னைத் திட்டினார்.

அதன் பிறகு தாள் கொடுப்பதை விட்டேன். ஒன்று அல்லது இரண்டு பயிற்சி, அவ்வளவுதான். அதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஆளின் நாளில் அது எங்கே உட்காரும் என்று கண்டுபிடிக்கத்தான் அரை மணி நேரம் ஆகும். என் வேலை அந்த அரை மணி நேரம் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மீனாட்சி கோயில் புது மண்டபத்துத் தையல்காரர்களுக்குக் கல்தூண். மெஷினுக்குப் பின்னால் தூண் இருந்தது. ஒரு உருப்படி தைத்து முடித்ததும் பின்மண்டையைத் தூணில் சாய்த்துத் தாடையை இழுக்க வேண்டியது. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு வந்த ஒருவர், "அங்க தூணு இல்லையேம்மா" என்று நிஜமான கவலையோடு கேட்டார். சுவர் இருக்குமல்லவா என்றேன்.

தாடை இழுப்பதைச் சரியாகச் செய்கிறவர்கள் குறைவு. நியூசிலாந்துக்காரர் ராபின் மெக்கென்சி உலகம் முழுக்கப் பரப்பிய பயிற்சி இது. முகம் நேராக இருக்க வேண்டும், அண்ணாந்தும் பார்க்கக் கூடாது, குனியவும் கூடாது. தாடை மட்டும் நேர் பின்னால் போக வேண்டும், கழுத்தில் இரண்டாவது தாடை விழுகிற அளவுக்கு. 5 எண்ணிக்கை, 8 அல்லது 10 தடவை. கல்யாணமாகாத பெண்கள் கண்ணாடியில் பார்த்ததும் "அசிங்கமா இருக்கு" என்று நிறுத்திவிடுவார்கள். கண்ணாடி இல்லாத இடத்தில் செய்யச் சொல்வேன்.

இதற்குத் துணையாக நான் கொடுப்பது கதவு நிலை. பிராகாவில் விளாடிமிர் யாண்டா என்று ஒரு டாக்டர் இருந்தார். சின்ன வயதில் போலியோ வந்தவர், சதைகளைப் பற்றி மற்றவர்கள் கவனிக்காததைக் கவனித்தவர். குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு முன்பக்க நெஞ்சுச் சதையும் பிடரிச் சதையும் இறுகும், கழுத்தின் உள்பக்கச் சதையும் தோள்பட்டை எலும்புக்கு நடுவில் உள்ள சதையும் தளரும் என்று அவர் சொன்னது, பக்கவாட்டில் நின்று பார்த்தால் ஒரு பெருக்கல் குறி மாதிரி விழும். வலிப்பது பின்னால், இறுக்கிப் பிடித்து இழுப்பதில் பாதி முன்னால். அதனால்தான் பிடரியை எவ்வளவு தேய்த்தாலும் தைலம் தீர்கிறதே தவிர வலி தீர்வதில்லை. நிலையில் இரண்டு பக்கமும் முழங்கையைத் தோள் உயரத்துக்கு ஊன்றி, ஒரு காலை முன்னே வைத்து, இடுப்பை வளைக்காமல் நெஞ்சை மட்டும் முன்னே விட வேண்டும். அக்குளுக்குப் பக்கத்தில் இதமாக இழுப்பது தெரியும். கை மரத்தால் முழங்கையைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். 30 நொடி. தொண்ணூறுகளில் அமெரிக்காவில் தொடைச் சதையை வைத்து அளந்து பார்த்தார்கள். 30 நொடி பிடிப்பதும் 60 நொடி பிடிப்பதும் பலனில் ஒன்றாகவே இருந்தன. எனவே பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியமில்லை.

வீட்டுப் பெண்களுக்கு இதற்கு நான் கொடுக்கிற நேரம் இட்லி வேகிற நேரம். கொப்பரையை மூடியதும் அடுப்படி நிலை. இரண்டு ஈடு ஊற்றுகிற வீட்டில் இரண்டு தடவை ஆகிவிடும். "காலையில எந்திரிச்சதும் செய்றேன்" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. "மாவு ஊத்திட்டுச் செய்றேன்" என்கிறவர்கள் செய்துவிடுகிறார்கள். ஜப்பானில் 1928இலிருந்து ரேடியோவில் பாட்டுப் போட்டு ஊரே சேர்ந்து கை காலை நீட்டுகிறார்கள். நமக்கு ரேடியோ போய்விட்டது, இட்லி இருக்கிறது.

நீட்டி நிமிர்வதை நாமே திட்டி நிறுத்தியவர்கள் என்பதும் ஒரு வேடிக்கை. பிள்ளை இரண்டு கையையும் கோத்து மேலே தூக்கி நெட்டி முறித்தால், "விளக்கு வச்ச நேரத்துல என்ன சோம்பல் முறிக்கிற" என்று பாட்டி அதட்டுவாள். உடம்பு தானாகக் கேட்டுச் செய்வதை மரியாதைக் குறைவு என்று அடக்கிவிட்டு, அதையே நாற்பது வயதில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள வருகிறார்கள்.

செல்போன் வந்த பிறகு சுவரொட்டிகள் வந்தன. நியூயார்க் முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் போட்ட கணக்கு எல்லா கிளினிக் சுவரிலும் தொங்குகிறது: தலையின் எடை 5 கிலோ சொச்சம், 60 டிகிரி குனிந்தால் கழுத்துக்கு 27 கிலோ பாரம். கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு அது, மனிதர்களை அளந்து எடுத்ததில்லை. என் கிளினிக்கில் அந்தப் படம் கிடையாது. அதைப் பார்த்துப் பயந்து கம்பு விழுங்கியவன் போல விறைத்து உட்கார்ந்தவர்களையும் நான்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவர்களுக்கும் அதே இடத்தில்தான் வலி. குனிவது குற்றமில்லை. குனிந்தபடியே ஒரு மணி நேரம் அசையாமல் இருப்பதுதான் சிக்கல். நிமிர்ந்தபடி அசையாமல் இருந்தாலும் அப்படியே.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வண்டியூர் வந்து போகும்போது பல்லக்குத் தூக்குகிற சீர்பாதக்காரர்களைக் கவனித்திருக்கிறேன். ஆளுக்கு ஆள் குரல் கொடுத்துத் தோள் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். ஒரே தோளில் கடைசி வரை தாங்குவது வீரம் என்று அவர்களில் ஒருவரும் நினைப்பதில்லை. ஆபீசில் உட்காருகிறவர்களிடம்தான் அந்த வீரத்தைப் பார்க்கிறேன்.

சலூன் சொடக்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சட்டென்று ஒரு திருப்பு, டக் என்று ஒரு சத்தம், "அப்பாடா!" அந்தச் சுகம் நிஜம். ஆனால் கழுத்தெலும்பின் துளைகள் வழியாக மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் அந்தத் திருப்பில் உள்ளே கிழிய வாய்ப்புண்டு, அரிதாகப் பக்கவாதம் வரை போகும். அழகு நிலையத்தில் தலையைப் பின்னால் தொங்கவிட்டுக் கூந்தல் அலசியதாலேயே பக்கவாதம் வந்த பெண்களைப் பற்றி 1993இல் ஒரு அமெரிக்க மருத்துவர் எழுதினார். ஆயிரம் பேருக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மை. எனக்குத் தெரிந்த சலூன்காரரிடம், தலையை விட்டுவிட்டுத் தோளை மட்டும் அமுக்கிவிடச் சொன்னேன். "கஸ்டமர் கேக்குறாங்கக்கா" என்றார். அவருடைய கரண்ட் மெஷின் அது.

எல்லா வலிக்கும் நீட்டி விடுவது மருந்தில்லை. மாட்டுத்தாவணி மார்க்கெட்டிலிருந்து காய்கறி வியாபாரி ஒருவர் இடது தோள் இறுகுகிறது என்று வந்தார். "வாயுப் பிடிப்பு" என்று அவரே முடிவு செய்திருந்தார். கையைத் தூக்கினால் வலிக்கவில்லை, கழுத்தைத் திருப்பினால் வலிக்கவில்லை. "எப்ப வருது அண்ணே?" "மாடி ஏறுனா வருது, நின்னா போயிருது." அவரைப் படுக்கவே வைக்கவில்லை. அதே ஆட்டோவில் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன், ஈ.சி.ஜி. எடுக்க. அவருக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது இருதய டாக்டர். அசைத்தால் கூடாத, குறையாத வலியைக் கண்டால் இன்றும் எனக்கு உள்ளுக்குள் மணி அடிக்கும். கை மரத்துப் பொருள் நழுவினாலோ, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினாலோ, நடை தள்ளாடினாலோ, விழுந்த பிறகு வலி வந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ வீட்டில் பயிற்சி செய்து பார்க்கிற வேலையே வேண்டாம்.

பரோட்டா மாஸ்டர் ஒருவருடைய தோள் வேறு கதை. மாவை வீசி வீசித் தேய்ந்துவிட்டது என்று நம்பி வந்தார். முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோகச் சொன்னேன்; வேட்டி மடிப்பைத் தாண்டவில்லை. பெண்கள் என்றால் ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை என்பார்கள், அதே அடையாளம். சர்க்கரை பார்க்கச் சொன்னதில் அவருக்கு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகுவது மற்றவர்களைவிட அதிகம். குணமாக ஒரு வருஷமும் ஆகலாம், இரண்டும் ஆகலாம். அவர் கடைச் சுவரில் விரல்களால் மேலே மேலே நடந்து, எட்டிய இடத்தில் தினமும் கரியால் கோடு போட்டார். அந்தக் கோடுகள் ஒரு சாண் ஏற ஒரு கோடைகாலம் ஆனது. நடுவில் அவசரப்பட்டு யாரிடமோ போய் இழுத்து விடச் சொல்லி, கோடு கீழே இறங்கியதும் உண்டு.

ஜவுளிக்கடைப் பெண்கள் கூட்டமாக வந்த காலம் ஒன்று இருந்தது. நாள் முழுக்க நின்றபடி, உயரத் தட்டிலிருந்து சேலைக்கட்டை இறக்கி, விரித்து, மடித்து, மறுபடி ஏற்றி. தீபாவளி முடிந்த வாரத்தில் கை தலைக்கு மேல் போகாது. கால் வீக்கத்தோடு தோள்வலி. அவர்களிடம் கதவு நிலையைப் பற்றிப் பேசவே எனக்குக் கூச்சமாக இருக்கும்; உட்கார ஒரு ஸ்டூல் இல்லாத இடத்தில் பயிற்சி என்ன செய்யும்? கேரளத்தில் 2018இல் வந்த உட்காரும் உரிமை இங்கே 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்தது. இப்போது சில கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. அதில் உட்காருகிறார்களா என்பது சூப்பர்வைசரைப் பொறுத்தது.

அதே 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையோடு பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே போகிறார். எங்கள் தொழிலில் நான் பார்த்த பெரிய மாற்றம் இதுதான் என்பேன். வீட்டுக்குப் போகிறவரின் கையில் கரண்ட் மெஷின் பெரும்பாலும் இருக்காது. சுவர், துண்டு, பாதி தண்ணீர் நிரப்பிய குடம், இவைதான் உபகரணம். மெஷின் இல்லாமல் நம்பிக்கையை எப்படிச் சம்பாதிப்பது என்பதைச் சின்னப் பிள்ளைகள் முதல் வேலையிலேயே கற்றுக்கொள்கிறார்கள். எங்களுக்கு அதற்குப் பல வருஷம் ஆனது.

நீட்டுவதோடு நான் சேர்த்துக்கொண்டது பழைய சைக்கிள் டியூப். டென்மார்க்கில் ஆபீஸ்காரர்களை வைத்து லார்ஸ் ஆண்டர்சன் குழு 2011இல் ஒரு ஆய்வு வெளியிட்டது: ரப்பர் டியூபை மிதித்துக்கொண்டு இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்குவது, தினமும் 2 நிமிஷம், 10 வாரம். கழுத்து, தோள் வலி குறைந்தது. 12 நிமிஷம் செய்தவர்களுக்கும் குறைந்தது, 2 நிமிஷக்காரர்களைவிட ரொம்பவெல்லாம் கூடுதல் இல்லை. நீட்டினால் அன்றைய இறுக்கம் விடும். கொஞ்சம் பலம் ஏற்றினால்தான் அது திரும்பி வரத் தயங்கும். கடையில் வாங்கும் பேண்டுக்கு ஆகிற காசு, சைக்கிள் கடையில் கேட்டு வாங்கும் பழைய டியூபுக்கு ஆகாது.

கொரோனாவுக்குப் பிறகு ஐ.டி. பிள்ளைகள் அதிகம். கட்டிலில் சம்மணமிட்டு மடியில் லேப்டாப் வைத்து இரண்டு வருஷம் ஓட்டியவர்கள். அவர்களிடம் செல்போனில் அலாரம் வைத்துச் செய்யச் சொல்லிப் பயனில்லை. அலாரத்தைத் தள்ளிவிடுவதில் அவர்களுக்குப் பயிற்சி அதிகம். இலந்தைக்குளம் ஐ.டி. பார்க் பக்கம் வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம், தினமும் தவறாமல் செய்வது என்ன என்று கேட்டேன். யோசித்து, "நாலு டீ" என்றார். சரி, டீ வருகிற வரைக்கும் நிலை.

"டீக்கடையில நிலை ஏது டாக்டரம்மா?"

"கொட்டகைக் கம்பு இருக்கும்ல? ஒவ்வொரு கையா செய்ங்க."

இப்போது அவரோடு இன்னும் இரண்டு பேர் அங்கே கம்பில் முழங்கையை ஊன்றி நிற்கிறார்களாம். என்ன ஏது என்று விசாரித்த டீ மாஸ்டர் போன வாரம் என்னிடம் வந்தார். வலது தோள், நாளெல்லாம் தூக்கி ஆற்றுகிற கை. கரண்ட் எத்தனை நாள் வைக்கணும் என்றுதான் அவரும் ஆரம்பித்தார். மத்தியானத்துக்கு மேல் இடது கையால் ஆற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். டீ கொஞ்சம் சிந்துகிறது என்று தம்பி சொல்கிறார்.